பாப்பாவின் கால் தரையில் படுவதற்குள்

1

என் சன்னல் விளிம்பில் லூர்து மாதா நிற்கிறாள். பிளாஸ்டிக் மாதா. தலையில் உள்ள நீலக் கிரீடத்தைத் திருகினால் மூடியாகக் கழன்று வரும். உள்ளே ஊற்றுத் தண்ணீர், கழுத்துவரை. காலையில் வெயில் பட்டால் மாதாவின் வயிற்றுக்குள் ஒரு குமிழி மேலே ஏறுவது தெரியும். பிரான்சுக்கு வந்து மூன்றாவது வசந்தத்தில் நான் சேர்த்த ஒரே சொத்து அதுதான். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போன வருஷம் மே மாதத்திலிருந்து தொடங்காவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

போன மே மாதம் ஒரு சாயங்காலம். பாரிஸின் வடக்குப் புறநகரில், எங்கள் ரயில் நிலையத்து நடைமேடையில் நிற்கிறேன். ரயில் வேலைநிறுத்தம், ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து அழைப்பு. புதுச்சேரியில் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினாள். அண்ணி தேவிக்குப் பிரசவ வலி. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று உள்ளே அழைத்துப்போய்விட்டார்கள். அண்ணன் அருள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறானாம். “எதாவது சொல்லுடி ஜெனி,” என்றாள் அம்மா. “நீ சொன்னா மாதா கேப்பா. உனக்கு விசா குடுத்தவ.”

எனக்கு எப்போதுமே வாய் முந்திக்கொள்ளும். கூட்டத்துக்கு நடுவே, போனை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு, தமிழில் உரக்கச் சொன்னேன்: “வில்லியனூர் மாதாவே, இந்தப் புள்ள நல்லபடியா பொறந்துச்சுன்னா, அது கால் தரையில படறதுக்குள்ள நானே சாரத்துல நம்ம வூட்ல இருந்து தூக்கிட்டு நடந்து வந்து உன் காலடியில வைக்கிறேன்.”

அந்தப் பக்கம் அம்மா, “ஆமென்,” என்றாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண். அழுகைச் சத்தம் கேட்டபோது நானும் அழுதேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மையார் எனக்குக் காகிதக் கைக்குட்டை கொடுத்து, ரயில் எப்படியும் வந்துவிடும், கவலைப்படாதே என்று ஆறுதல் சொன்னார்.

2

புதுச்சேரிக்காரர்களுக்கு வில்லியனூரில் கோயில் கொண்ட லூர்து மாதாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சாரத்தில் எங்கள் தெருவில் மாதாவுக்கு நேர்ந்துகொள்ளாத வீடு கிடையாது. இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற கணக்கெல்லாம் அங்கே இல்லை. ஈஸ்டர் முடிந்த கையோடு கொடியேறும். ரெட்டியார்பாளையம், மூலக்குளம் வழியாக விடியற்காலையில் சனம் நடக்கும். சிலர் மொட்டை போடுவார்கள். சிலர் உப்பு மிளகு கொட்டுவார்கள். எனவே நான் நேர்ந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயம் அம்மாதான். அப்பா காலமான பிறகு வீட்டில் ரவிக்கை தைத்தே எங்கள் இருவரையும் படிக்க வைத்தவள். அளவு எழுதினால் எழுதியதுதான். அரை விரல் கூட்டிக் குறைக்கமாட்டாள். நான் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

முதல் சில மாதங்கள் யாருக்கும் தொந்தரவில்லை. குழந்தை மடியில் கிடந்தது, தூளியில் கிடந்தது. அண்ணி அதற்கு நிலா என்று பெயர் வைத்தாள். அம்மா லூர்து மேரி என்று வைக்க நினைத்தாள். சண்டை வராமல் எல்லோரும் பாப்பா என்று கூப்பிட்டார்கள். பாப்பா குப்புற விழுந்தபோது அம்மா எனக்குப் போன் செய்து, “எப்ப வர்ற?” என்றாள். உட்கார்ந்தபோது, “எப்ப வர்ற?” தவழத் தொடங்கியபோது குரல் மாறிவிட்டது. அன்றைக்கே அம்மா தச்சரை வரவழைத்து, கூடத்துக் கட்டிலுக்கு நாலு பக்கமும் சட்டம் அடித்துவிட்டாள். கட்டிலில் தவழலாம், இடுப்பில் இருக்கலாம், தரையில் விடக் கூடாது.

அண்ணி எனக்குத் தனியாகப் போன் செய்தாள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்கிறேன். கீழே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“ஜெனி, நீ தப்பா நெனச்சிக்காத. டாக்டரு புள்ளய தரையில விடுங்க, விட்டாதான் காலு பெலக்கும்னு சொல்லிட்டாரு. உங்கம்மா விடமாட்டேங்கறாங்க. நான் சமையக்கட்டுல இருக்கறப்ப கட்டில் சட்டத்த புடிச்சிக்கிட்டு நின்னு அழுவுது. ஜெயிலு மாதிரி இருக்குது.”

“நான் பேசறேன் அண்ணி.”

“நீ பேசாத. நீ பேசினதுதான் இவ்வளவு தூரம் வந்துச்சு.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

தேவி அண்ணி பிள்ளைச்சாவடிக்காரி. வீட்டில் எல்லோருக்கும் கடல்தான் தொழில். அவளுடைய அண்ணன் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுபவர். அவர் ஒருமுறை எங்கள் வீட்டுக் கூடத்தில் நலம் விசாரித்தார். எதிர்வீட்டார் வெளியே வந்து என்ன சண்டை என்று கேட்டார்கள். மாசி மகத்துக்கு அவர்கள் பக்கம் ஒரு வழக்கம்: அந்த வருஷம் பிறந்த குழந்தையைச் சாமி தீர்த்தவாரிக்கு வரும்போது கடலோரம் நிறுத்தி, அலையில் கால் நனைப்பார்கள். தாய்மாமன் வெள்ளிக் கொலுசு வாங்கி வைத்திருந்தார். அம்மா பாப்பாவை அனுப்பவில்லை. “மணல் தரை இல்லியா? அங்க கால் பட்டா இங்க சொன்னது என்னா ஆவறது?” என்றாளாம். கொலுசு டப்பாவிலேயே இருந்தது. அண்ணி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை என்று அருள் அண்ணன் சொன்னான்.

அதோடு போகவில்லை. முதலில் நேர்ச்சை, அது முடிந்து ஞானஸ்நானம், பிறகு பிள்ளைச்சாவடியில் காது குத்து என்று அம்மா வரிசை போட்டுவிட்டாள். ஞானத்தாயும் நான்தான். ஒரு குழந்தையின் எல்லா விசேஷமும் என் ஒருத்தியின் பின்னால் வரிசையில் நின்றது. நானோ இன்னொரு வரிசையில் நின்றிருந்தேன்.

3

அந்த வரிசையின் பெயர் ப்ரெஃபெக்சர். நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே மாணவியாக வந்தவள். படிப்பு முடிந்து ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. குடிதண்ணீரைச் சோதிக்கும் வேலை. மாணவர்களுக்கான குடியிருப்பு அட்டையைத் திருப்பிக் கொடுத்து, வேலைக்கான அட்டைக்கு விண்ணப்பித்தேன். பழைய அட்டை காலாவதி. புதிய அட்டை “பரிசீலனையில்.” இடையில் ஒரு தாள் கொடுத்தார்கள். இந்தத் தாளை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது.

சன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மையாரிடம் போய்க் கேட்டேன். கண்ணாடி போட்ட, சாந்தமான முகம். அவசரம் என்ன என்று கேட்டார். என் பிரெஞ்சு பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு. மேடைக்கு ஏற்றது, கவுண்டருக்கு ஆகாது. நேர்ச்சைக்கு என்ன சொல் என்று தெரியாமல், “கன்னி மரியாளோடு எனக்கு ஒரு ஒப்பந்தம் இருக்கிறது,” என்று சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எழுத்து மூலமாகவா?” என்றார்.

இல்லை என்றேன். அப்படியானால் கோப்பில் சேர்க்க முடியாது என்று அன்பாகத்தான் சொன்னார். எனக்குக் கோபமே வரவில்லை. அம்மாவும் அவரும் அடுத்தடுத்த மேசையில் உட்கார வேண்டியவர்கள் என்று தோன்றியது.

வெளியே வந்தால் தெருவெல்லாம் செர்ரி மரங்கள் பூத்துக் கொட்டிக்கிடந்தன. ஊரே படம் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வசந்தத்தின் மேல் எரிச்சல்தான் வந்தது. நம் ஊரில் வசந்தம் என்று தனியாக ஒன்று வராது. பனி விலகினால் வெயில், அவ்வளவுதான். அதில் ஒரு நிம்மதி உண்டு. இங்கே ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று முளைக்கிறது, விரிகிறது, நீளுகிறது. எதைப் பார்த்தாலும் பாப்பாவின் கால் வளர்வதுபோல இருந்தது.

4

நான் இருப்பது செலின் அக்கா வீட்டில். பெரியம்மா மகள், கல்யாணமாகி இங்கே வந்து நெடுநாளாகிறது. அக்காவுக்கு ஒரே மகள், லியா, பன்னிரண்டு வயது. லியா தமிழைப் புரிந்துகொள்வாள், பேசவும் தெரியும். ஆனால் பேசும்போது நாக்கில் சூடு பட்டவள்போல் பேசுவாள். அக்கா தமிழில் கேட்பாள், லியா பிரெஞ்சில் பதில் சொல்வாள், இருவருக்கும் அது இரண்டு மொழி என்பதே மறந்துவிட்டது. ஞாயிறு பூசைக்கு அக்கா கூப்பிட்டால் லியாவுக்கு வயிறு வலிக்கும். பூசை முடியும் நேரத்தில் வலி நின்று பசிக்கும்.

ஈஸ்டருக்கு அடுத்த திங்கள் இங்கே விடுமுறை. புறநகரின் புதுச்சேரிக் குடும்பங்கள் சேர்ந்து ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனோம். நெகிழித் தட்டில் புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், பூண்டு போட்ட ஆட்டுக்கால், நீளமான பிரெஞ்சு ரொட்டி. ஆண்கள் குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு இரும்புக் குண்டு உருட்டி விளையாடினார்கள். நம் கடற்கரைச் சாலைப் பக்கம் பெரியவர்கள் இன்னமும் ஆடுகிறார்களே, அதே ஆட்டம்; அதே சண்டையும்கூட. பிள்ளைகள் புதருக்குள் சாக்லேட் முட்டை தேடின. ரோமுக்குப் போன கோயில் மணிகள் பறந்து திரும்பும்போது முட்டைகளைப் போட்டுவிட்டுப் போகும் என்பது இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை.

ஊரில் அந்தத் திங்கள்கிழமை எங்களுக்குச் சுண்ணாம்பாறு படகுத்துறை. தெருவே சேர்ந்து ஒரு வேன் பிடிப்போம். நாற்பது நாள் தவக்காலத்தில் கறி தொடாத அம்மா, ஞாயிறன்று சமைத்த ஆட்டுக்கறியில் மிச்சத்தைப் பிரட்டித் தூக்குச்சட்டியில் எடுத்து வருவாள். படகில் ஏறியதும் எல்லோருக்கும் பக்தி வந்துவிடும். படகு ஆடும்தோறும் மாதாவைக் கூப்பிடுவார்கள். இறங்கியதும் சீட்டுக் கட்டை எடுப்பார்கள். அருள் அண்ணன் தேவி அண்ணியை முதலில் பார்த்தது அப்படி ஒரு திங்களில்தான். அவள் சிநேகிதிகளோடு வந்திருந்தாள். இவன் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தான், அவள் சிரித்தாள். கதை அவ்வளவுதான்.

லியாவுக்கு இதைச் சொன்னேன். அவள் முட்டை தேடும் வயதைத் தாண்டிவிட்ட சலிப்பில் புல்லில் படுத்திருந்தாள். பாப்பாவின் கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“சித்தி, லூர்து இங்கதானே இருக்கு. அந்த மாதாவும் லூர்து மாதாதானே. ரெண்டும் ஒரே ஆளு.”

“ஆமா.”

“அப்போ இங்கயே போய்க் குடுத்துடலாம்ல? நீ ஏன் ஊருக்குப் போகணும்?”

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? வில்லியனூர்க் கோயில் குளத்தில் லூர்திலிருந்து கொண்டுவந்த தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே. ஊற்று இங்கேதானே. அந்த வியாழக்கிழமையே நம் குடும்பங்கள் பேருந்து எடுத்து லூர்துக்குப் போவதாக இருந்தது, வருஷாவருஷம் போவார்கள். நான் அங்கேயே ஓர் இடம் கேட்டேன். லியாவும் வருகிறேன் என்றாள். செலின் அக்கா ஆச்சரியத்தில் கையில் இருந்த வறுவலைக் கீழே போட்டாள்.

5

பேருந்தில் முழுநாள் பயணம். ஜெபமாலை, அந்தாக்ஷரி, தூக்கம், மறுபடியும் ஜெபமாலை. பாதி வழியில் ஒரு பெரியவர் எழுந்து, எலுமிச்சைச் சாதத்தில் உப்பில்லை என்று ஒலிவாங்கியில் அறிவித்தார். லியா காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு சன்னலில் சாய்ந்திருந்தாள். ஆனால் “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கும்போதெல்லாம் அவள் உதடு அசைவதை நான் பார்த்தேன்.

லூர்து அழகான இடம். பச்சை ஆறு, பின்னால் பனி பிடித்த மலை, நீலச் சக்கர நாற்காலிகளில் நோயாளிகள், மாதா காட்சி கொடுத்த பாறைக் குகையான கெபியின் முன்னால் சத்தமில்லாத கூட்டம். சத்தமில்லாததுதான் எனக்கு ஒத்துவரவில்லை. கொட்டில்லை, வாணவேடிக்கை இல்லை, பலூன்காரன் இல்லை, யாரும் யாரையும் இடிக்கவில்லை. அசல் மாதாவைப் பார்த்ததும், வில்லியனூர் மாதா சாயலில் இருக்கிறாளே என்று தோன்றியது. அந்த நினைப்பு சரியில்லை என்று உடனே சிலுவை போட்டுக்கொண்டேன்.

என் திட்டம் இதுதான். ஊரில் பிற்பகல். அம்மா தைத்த துணிகளைக் கொடுத்துவரப் போகும் நேரம். அண்ணியிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். கெபிக்குப் போகும் வரிசையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வீடியோ அழைப்பைப் போட்டேன். அண்ணி பாப்பாவைத் திரை முழுக்கக் காட்டினாள். போனை இரண்டு கையிலும் ஏந்தி, குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்து நடந்தேன். கல் தரை சில்லென்று காலைக் கடித்தது. பக்கத்தில் லியா மெழுகுவர்த்தியோடு வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிந்துவிடும் என்று நம்பினேன்.

பாறைச் சுவருக்கு அருகில் வந்தபோது பாப்பா, “தத்தத்தா,” என்று ஒரு கத்துக் கத்தியது. பாறைக்கு அது பிடித்துப்போய்த் திருப்பிச் சொன்னது. வரிசையே திரும்பியது. ஒழுங்கு பார்க்கும் ஒருவர் உதட்டில் விரல் வைத்தார். லியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மெழுகு அவள் சட்டையில் கொட்டியது. அந்த நேரம் பார்த்துத் திரையில் பாப்பா மறைந்து அம்மாவின் முகம் வந்தது. மறந்துவைத்த பையை எடுக்கத் திரும்பியிருக்கிறாள்.

“என்னாடி பண்ற?”

“தூக்கிட்டு வந்துட்டேம்மா. லூர்துல இருக்கேன். மாதா முன்னாடிதான்.” நான் கிசுகிசுத்தேன்.

“போன்ல தூக்கிட்டுப் போவியா? நாளைக்கு ஞானஸ்நானமும் போன்லியே குடுப்பியா? திரையில தண்ணி தெளிப்பியா?”

நானும் லியாவும் வரிசையை விட்டு வெளியே வந்தோம்; ஆற்றோரம் நின்று பேசினேன். மாதா ஒருத்திதான், உலகம் முழுக்க ஒருத்திதான், இங்கேதான் அவள் காட்சி கொடுத்தாள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். முடித்ததும் அம்மா கேட்டாள்.

“நீ வாக்கு குடுத்தப்ப யார் பேர சொன்ன?”

“வில்லியனூர் மாதா.”

“அப்ப அவ அங்க வாசல்ல பாத்துக்கிட்டு நிக்கறா. நீ அவங்க அக்கா வூட்டுக்குப் போயி விருந்து சாப்ட்டுட்டு, வந்துட்டேன் வந்துட்டேன்னா?” உடனே ஒரு வேலையும் சொன்னாள். “வந்தது வந்துட்ட. தண்ணி மட்டும் ஒரு மாதா பாட்டில்ல புடிச்சிக்கிட்டு வா.”

இந்தத் தண்ணீரும் அந்தக் குளத்துத் தண்ணீரும் ஒன்று. ஆனால் இந்த மாதாவும் அந்த மாதாவும் வேறு. அம்மாவின் கணக்கு அது. கடையில் நீலக் கிரீடம் வைத்த பாட்டில் வாங்கி, குழாயில் பிடித்தேன். லியா பக்கத்தில் நின்று, “இத உங்க லேப்ல டெஸ்ட் பண்ணுவியா சித்தி?” என்றாள். மாட்டேன் என்றேன். “பயமா?” என்றாள். அவளை முறைத்தேன். ஆனால் அவள் இன்னொரு பாட்டிலில் தனக்கும் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை அண்ணி பேசினாள். குரலில் சிரிப்பே இல்லை.

“ஜெனி, உன் அட்டை எப்ப வரும்?”

“தெரியல அண்ணி. கேட்டா பரிசீலனைன்னு வருது.”

“திருவிழா முடிஞ்சிடுச்சுன்னா அடுத்த வருசம்தானா?”

“அம்மா அப்படித்தான் நெனக்கிறாங்க.”

“எங்கூர்ல சாமியே வருசத்துக்கு ஒருவாட்டி எழுந்து கடலுக்கு வந்து குளிச்சிட்டுப் போவுது. சாமிக்காக நாங்க யாரும் ப்ளேன் ஏறினதில்ல.” பிறகு, “சரி, நீ தூங்கு,” என்று வைத்துவிட்டாள்.

6

அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில் கண் விழித்தபோது போன் முழுக்கத் தவறிய அழைப்புகள். எல்லாம் அம்மாவிடமிருந்தும் அருள் அண்ணனிடமிருந்தும். எனக்கு உயிர் போய்விட்டது. பாப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். திரையைக் கீழே தள்ளினால், கடைசியில் அண்ணியின் குரல் பதிவு இருந்தது. மூச்சிரைக்கப் பேசியிருந்தாள். பின்னால் பேருந்து ஹாரனும், யாரோ ஒலிபெருக்கியில் மாதா பாட்டுப் போடும் சத்தமும்.

“ஜெனி, பயப்படாத. நான்தான் பாப்பாவ தூக்கிக்கிட்டு வந்துட்டேன். வில்லியனூரு. நடந்துதான். விடியறதுக்கு முன்னாடி கெளம்பிட்டேன், யாருக்கும் சொல்லல. சொன்னா வுடமாட்டாங்க. நான் பெத்தவ. எந்த சாமி கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்.”

மீதியை அருள் அண்ணன் சொல்லிக் கேட்டேன். எழுந்து பார்த்தால் கட்டில் காலி. அம்மா செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடியிருக்கிறாள். அண்ணன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். ரெட்டியார்பாளையம் தாண்டி, நடக்கும் கூட்டத்துக்கு நடுவே அண்ணியைக் கண்டுபிடித்தார்கள். பாப்பா அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா இறங்கினாள். திட்டுவாள் என்று அண்ணன் காத்திருந்தான். அம்மா அண்ணிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினாள். மூலக்குளம் வரும்வரை அப்படியே நடந்தார்கள். வெயில் ஏறியபோது அம்மா முந்தானையை எடுத்துப் பாப்பா தலைக்கு மேலே பிடித்தாளாம்.

“குடு. கை மாத்திக்கறேன். வலிக்கும்.”

“வேணாம் அத்த. நீங்க நெழல புடிங்க.”

மேம்பாலம் ஏறும்போது அண்ணிக்குக் கால் பின்னியது. அப்போது கேட்காமலே பாப்பாவை நீட்டினாள், அம்மா வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து மாற்றி மாற்றித் தூக்கினார்கள். அண்ணன் பைக்கை உருட்டிக்கொண்டு பின்னால். இதையெல்லாம் சொல்லும்போது அவன் குரலில், படகிலிருந்து சேற்றில் விழுந்தவனின் சிரிப்பு இருந்தது.

அவன் அனுப்பிய வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். குளத்துப் படிக்கு மேலே, கூட்டம். மாதா சொரூபம் கொஞ்சம் தள்ளித் தெரிகிறது. பாப்பா அம்மாவின் இடுப்பில் நெளிகிறது; வளைகிறது; வழுக்கி இறங்குகிறது. “ஐயோ, காலு காலு,” என்று அம்மா கத்துகிறாள். அதற்குள் இரண்டு பாதமும் தரையில். பாப்பா அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கீழே பார்க்கிறது. அது இதுவரை மிதித்திராத ஒன்று. சூடான, மெழுகு சொட்டிய, மண் ஒட்டிய சிமெண்டுத் தரை. ஒரு காலைத் தூக்கி மறுபடியும் வைத்துப் பார்க்கிறது. பிறகு தொப்பென்று உட்கார்ந்து, தவழ்ந்து, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே மாதாவை நோக்கி ஒரே ஓட்டம். யாரோ ஒருவர், “வழி வுடுங்க, வழி வுடுங்க, வி.ஐ.பி. வர்றாங்க,” என்கிறார். சனம் சிரித்து ஒதுங்குகிறது.

அண்ணி பின்னால் ஓடுகிறாள். அம்மா ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே மாதாவைப் பார்த்துச் சொல்கிறாள். படத்தில் மெல்லியதாகக் கேட்கிறது.

“தாயே, நீ பாத்துட்ட. ஜெனி தூக்கிட்டு வர்றேன்னா. இது தானா வந்துடுச்சு. வந்ததுக்கு என்னா கொறை?”

7

அன்று சாயங்காலம் அம்மா பேசினாள். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. கால் வீங்கி, வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா கூடம் முழுக்கத் தவழ்ந்து, தையல் மிஷின் பெடலைப் பிடித்து நிற்கிறதாம். கட்டில் சட்டத்தை அண்ணன் கழற்றிவிட்டான். ஞானஸ்நானத்துக்கு ஞாயிறு குறித்தாகிவிட்டது. எனக்குப் பதிலாக அண்ணனின் சிநேகிதன் மனைவி ஞானத்தாயாக நிற்பாள். காது குத்து வைகாசியில். கொலுசை டப்பாவிலிருந்து எடுத்தாகிவிட்டது. தாய்மாமன் போனிலேயே கூவி ஆர்ப்பரித்தாராம்.

“அப்ப எல்லாம் முடிஞ்சிடுச்சாம்மா?”

“முடிஞ்சிடுச்சு. நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத. அவசரப்படாத. உன் அட்டை வரட்டும், நிதானமா வா.”

இங்கே வந்ததிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் என்னைக் குடைந்த கேள்வி, எப்ப வர்ற. எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன். அன்றைக்கு அவள் அதைக் கேட்கவில்லை. நிதானமா வா என்றாள். அழைப்பு முடிந்தபிறகு அறையில் நிற்க முடியவில்லை. படிக்கட்டில் இறங்கி, ஏரியைச் சுற்றி வேகமாக நடந்தேன். குழந்தை தரையில் இருக்கிறது, அண்ணி சாப்பிடுகிறாள், நான் வேண்டிக்கொண்டது அத்தனையும் நடந்துவிட்டது. பிறகு ஏன் என் கால் இப்படிப் பறக்கிறது? பாப்பாவின் விசேஷங்கள் நின்ற வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவள் நான். நான் நகராமலே வரிசை கலைந்துவிட்டது. அதற்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும். படுகிறேன். ஆனாலும் நடந்துகொண்டேதான் இருந்தேன்.

நேற்று செலின் அக்காவைத் தேடி ஒரு அம்மா வந்தார். அடுத்த வாரம் புதுச்சேரிக்குப் போகிறாராம். பெட்டியில் இடம் இருக்கிறதாம். அக்கா ஆலிவ் எண்ணெயும் சாக்லேட்டும் கட்டிக்கொடுத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“ஜெனி, ஊருல சித்தி தண்ணி கேட்டாங்கள்ல? அந்த மாதா பாட்டில குடுத்தனுப்பிடு. ஞானஸ்நானத்து ஞாயித்துக்கெழமைக்குப் போயி சேர்ந்துடும்.”

சன்னலிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தேன். அந்த அம்மா கை நீட்டினார். நல்ல மனுஷி. பத்திரமாகச் சட்டைக்குள் சுற்றி வைக்கிறேன் என்றார். நான் மாதாவின் இடுப்பைப் பிடித்தபடி நின்றேன்.

“இல்ல ஆன்ட்டி,” என்றேன். “இத நானே எடுத்துட்டுப் போறேன். பாப்பாவுக்கு முதல் பொறந்தநாள் வர்றதுக்குள்ள நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்.”

சொல்லி முடித்தபிறகுதான் காதில் விழுந்தது. முதல் பிறந்தநாளுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அட்டை இன்னும் பரிசீலனையில். சோபாவில் படுத்திருந்த லியா காதிலிருந்து கருவியைக் கழற்றினாள்.

“சித்தி,” என்றாள், சுத்தமான தமிழில். “நீ இப்ப யார் பேர சொன்ன?”